பிடித்த தேனீக் கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றுவது: போன முறை மூன்றாம் நாள் ஓடிவிட்டது, இந்த முறை என்ன செய்ய?

வேலியோரம் · முதல் நாள், மதியம் 2:10

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம்.

இன்று காலை பதினொரு மணி வாக்கில் தோட்டத்து மரத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு தேனீக் கூட்டம் வந்து தொங்கியது. அடுக்குத் தேனீதான், பெட்டியில் வளர்க்கும் நம்மூர் இனம். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தால் எவ்வளவு இருக்குமோ அதைவிடக் கொஞ்சம் பெரியது. கிளையை ஒரே உலுக்காக உலுக்கி அட்டைப் பெட்டியில் இறக்கி, வாயில் மெல்லிய துணி கட்டி நிழலில் வைத்திருக்கிறேன். உள்ளே ஒரே சீராக ரீங்காரம் கேட்கிறது.

ஆறு வாரத்துக்கு முன் இதே போல ஒரு கூட்டம் கிடைத்தது. அன்றே மரப்பெட்டியில் கொட்டி மூடினேன். மூன்றாம் நாள் மதியம், நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, வாசல் வழியாகத் தண்ணீர் கொட்டுவதுபோல் வெளியே வந்து, கூரைக்கு மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விட்டது. காலிப் பெட்டியைத் திறந்தால் விரல் நகம் அளவுக்கு இரண்டு வெள்ளை மெழுகு அடை மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

இந்த முறை இழக்கக் கூடாது. எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது, மாற்றிய பிறகு என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அடைக்காரி · முதல் நாள், மதியம் 2:35

தம்பி, பதறாதீர்கள். பொழுது சாயும் வரை நேரம் இருக்கிறது. நிழல் நகர்ந்து அட்டைப் பெட்டி மேல் வெயில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்து வைத்த கூட்டம் சூடேறினால் ஒரு மணி நேரத்தில்கூடச் செத்துப்போகும்.

அதற்குள் நாலு கேள்வி. ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

போன முறை பெட்டி புதுசா? வண்ணம் அடித்தீர்களா, எங்கே அடித்தீர்கள்? மதியம் வெயில் படும் இடமா? அந்த மூன்று நாளில் எத்தனை முறை திறந்து பார்த்தீர்கள்?

வேலியோரம் · முதல் நாள், மதியம் 2:50

அக்கா, பெட்டி புதுசு. கரையான் அரிக்கக் கூடாதே என்று உள்ளேயும் வெளியேயும் வண்ணம் அடித்தேன். காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். காலை வெயில் படும் இடம், ஆனால் மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயிலும் விழும். தினமும் ஒரு முறை திறந்தேன், இரண்டாம் நாள் மட்டும் இரண்டு முறை. ராணி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

அடைக்காரி · முதல் நாள், மதியம் 3:25

சரி, போன கூட்டம் ஏன் போனது என்று இப்போது தெரிகிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் பயன்படும்.

பிரிந்து வந்த கூட்டம் கிளையில் தொங்குவது ஓய்வுக்காக இல்லை, வீடு தேடத்தான். அதில் சில நூறு ஈக்கள் வேவு பார்க்கப் போயிருக்கும். பொந்து, சுவர் இடுக்கு, பானை என்று பார்த்துவிட்டு வந்து, கூட்டத்தின் மேலேயே நடனமாடிச் சொல்லும். கடைசியில் போதுமான வேவு ஈக்கள் ஒரே இடத்தைத் தேர்ந்த பிறகுதான் கூட்டம் கிளம்பும். நாம் நடுவில் புகுந்து, "இதோ வீடு" என்று ஒரு பெட்டியில் கொட்டுகிறோம். அது நாம் எடுத்த முடிவு. ஈக்கள் இன்னும் முடிவு எடுக்கவில்லை. பெட்டிக்குள் இருந்துகொண்டே அடுத்த சில நாளும் யோசித்துக்கொண்டுதான் இருக்கும்.

அந்த நாட்களில் பெட்டி வண்ண வாடை அடித்து, மதியம் கொதித்து, தினமும் கூரை கழன்று வெளிச்சம் விழுந்தால் என்ன முடிவு எடுக்கும்? இத்தாலியத் தேனீயாவது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அடுக்குத் தேனீ பொறுக்காது. அதன் குணமே அது, இடம் சரியில்லை என்றால் அடை, தேன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

அதனால் இன்று மாலைக்குள் செய்ய வேண்டியது:

பெட்டியின் உள்பக்க வண்ணத்தைச் சுரண்டி எடுங்கள். முடியாவிட்டால் வேறு பழைய பெட்டி இரவல் கிடைக்குமா பாருங்கள். ஏற்கெனவே ஈ குடியிருந்த பெட்டி என்றால் பாதி வேலை முடிந்தது. அந்த மெழுகு வாசனைக்கே தங்கும். அந்தப் பழைய குடும்பம் நோயில் அழியவில்லை என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தை மாற்றுங்கள். காலை வெயில் படலாம், பிற்பகல் நிழல் கட்டாயம். தாங்கியின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கட்டும், எறும்பு ஏறினால் எல்லாம் வீண்.

அப்புறம் முக்கியமானது. பக்கத்தில் அடுக்குத் தேனீ வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், புழு அடை உள்ள ஒரே ஒரு சட்டம் (ஈக்கள் அடை கட்டும் மரச் சட்டகம்) கேட்டு வாங்குங்கள். முட்டை, புழு, மூடிய கூட்டுப்புழு மூன்றும் இருந்தால் ரொம்ப நல்லது. ஈ ஒன்றுகூட இல்லாமல் உதறிவிட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். பசித்த புழு உள்ள அடையை விட்டுவிட்டுப் பணித் தேனீ அவ்வளவு எளிதில் போகாது. தொட்டில் இருக்கும் வீடு காலியாகாது. எனக்குத் தெரிந்து இதைவிட உறுதியான கயிறு வேறு இல்லை.

புகைப்பான் · முதல் நாள், மதியம் 3:40

அடைக்காரி சொன்னதெல்லாம் சரி. புழு அடை கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக ஒன்று. வாசலில் ராணித் தடுப்புத் தகடு வையுங்கள். பணித் தேனீ போய் வரும், ராணியின் மார்பு அகலம் அதில் நுழையாது. ராணி வராமல் கூட்டம் போகாது. வெளியே போனாலும் திரும்பி வந்துவிடும். நான் பதினைந்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன். ஐந்து நாள் வைத்துவிட்டு எடுத்துவிடுவேன்.

அடுக்குத் தேனீக்கு உரிய தகடா என்று பார்த்து வாங்குங்கள். இத்தாலிய ஈக்குச் செய்த தகட்டின் இடைவெளி பெரியது, நம் ராணி சாதாரணமாக நுழைந்துவிடும்.

மகரந்தம் · முதல் நாள், மாலை 4:05

புகைப்பான் ஐயா, மன்னிக்கவும், இதில் ஒரு ஆபத்து இருக்கிறது.

தாய்ப்பெட்டியிலிருந்து முதலில் பிரியும் கூட்டத்தோடு பழைய ராணி வரும். ஏற்கெனவே இணைந்து முட்டையிட்டுக்கொண்டிருந்த ராணி அது. அதற்குத் தகடு வைத்தால் பிரச்சினை இல்லை. அடுத்தடுத்துப் பிரியும் சின்னக் கூட்டங்களோடு வருவது கன்னி ராணி. அது இன்னும் வெளியே பறந்து போய், நடுவானில் பல ஆண் ஈக்களோடு இணைந்து வர வேண்டும். தகடு வைத்தால் எப்படிப் போகும்? ஐந்து நாளில் எடுத்துவிட்டால் பிழைக்கலாம், மறந்து மூன்று நாலு வாரம் விட்டால் அந்த ராணி கடைசி வரை ஆண் முட்டை மட்டும்தான் இடும். குடும்பம் மெல்ல அழியும்.

வேலியோரம் சொல்லும் அளவைப் பார்த்தால் சின்னக் கூட்டம். எனக்கு இது இரண்டாம் பிரிவு என்று தோன்றுகிறது.

புகைப்பான் · முதல் நாள், மாலை 4:20

நியாயமான கேள்வி. நான் பெரும்பாலும் பெரிய கூட்டங்களைத்தான் பிடிப்பேன், அதனால் இந்த அடி எனக்கு விழவில்லை போலிருக்கிறது. வேலியோரம், கூட்டம் தொங்கும்போது எப்படி இருந்தது? அமைதியாக இருந்ததா, அடிக்கடி கலைந்து கூடியதா?

வேலியோரம் · முதல் நாள், மாலை 4:30

முதலில் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தது, கால் மணி நேரத்தில் எழும்பி இந்தக் கிளைக்கு வந்தது ஐயா. மேலே ஓடிக்கொண்டே இருந்தன.

நண்பர் ஒருவர் சட்டம் தர ஒப்புக்கொண்டார். கிளம்புகிறேன்.

புகைப்பான் · முதல் நாள், மாலை 4:33

அப்படியென்றால் கன்னி ராணியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தகடு வேண்டாம். புழு அடை போதும்.

புதுப்பெட்டி · முதல் நாள், மாலை 4:50

நடுவில் ஒரு சந்தேகம். தேனீப் பெட்டியை நகர்த்தினால் மூன்று அடிக்குள் நகர்த்து, இல்லாவிட்டால் மூன்று மைலுக்கு அப்பால் கொண்டுபோ என்பார்களே. மரத்துக்குப் பக்கத்திலேயே பெட்டி வைத்தால் ஈக்கள் கிளைக்குத் திரும்பிப் போகாதா?

மகரந்தம் · முதல் நாள், மாலை 5:10

அந்த விதி குடியேறிவிட்ட குடும்பத்துக்கு. தேன் சேகரிக்கப் போகும் ஈ, வீடு இருக்கும் இடத்தைச் சூரியன், மரம், சுவர் எல்லாவற்றோடும் சேர்த்து மனதில் வைத்திருக்கும். பெட்டியை ஐம்பது அடி தள்ளி வைத்தால், அது பழைய இடத்துக்கே வந்து வெற்றிடத்தில் சுற்றும். தூரமாகக் கொண்டுபோனால் பழகிய அடையாளம் எதுவும் கண்ணில் படாது, புதிதாகக் கற்றுக்கொள்ளும்.

பிரிந்து வந்த கூட்டத்தின் நிலை வேறு. பழைய வீட்டுக்குத் திரும்பாமல் புது இடத்தைக் கற்றுக்கொள்ள அது தயாராக இருக்கிறது. அதனால் பிடித்த அன்றே எங்கே வைத்தாலும் சரி. வேவு ஈக்கள் கொஞ்சம் மட்டும் கிளைக்கு வந்து தேடும். அதனால்தான் மாலை வரை அட்டைப் பெட்டியை மரத்தடியிலேயே வைத்து, எல்லாம் அடங்கிய பிறகு எடுக்கச் சொல்வது. நாளைக்கு மாற்றலாம் என்று தள்ளிப்போட்டால், ஈக்கள் வெளியே வந்து மரத்தடியைக் கற்றுக்கொண்டுவிடும், அப்புறம் அந்த விதி இதற்கும் பொருந்தும்.

இந்த நடன விஷயத்தில் ஆர்வம் இருந்தால்: உணவு இருக்கும் திசையையும் தூரத்தையும் தேனீ நடனத்தில் சொல்கிறது என்று கண்டவர் கார்ல் வான் ஃப்ரிஷ். 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர், தொங்கும் கூட்டத்தின் மேல் ஆடும் ஈக்கள் சொல்வது பூவை அல்ல, வீட்டை என்று 1950களில் நிறுவினார். ஆடிய ஈக்களின் மேல் மகரந்தத்துக்குப் பதிலாகக் கரியும் செங்கல் தூளும் ஒட்டியிருந்ததுதான் அவருக்குக் கிடைத்த முதல் துப்பு. புகைக்கூண்டுக்குள்ளும் இடிந்த சுவருக்குள்ளும் நுழைந்து பார்த்துவிட்டு வந்திருந்தன. எனக்கு அந்தச் செய்தி மறக்கவே மறக்காது.

வேலியோரம் · முதல் நாள், இரவு 8:40

முடிந்தது! நடந்ததைச் சொல்கிறேன், கை இன்னும் நடுங்குகிறது.

நண்பர் ஒரு சட்டம் மட்டும் இல்லை, அவருடைய பழைய பெட்டியையும் கொடுத்தார். ஆரோக்கியமான குடும்பம் இருந்த பெட்டி, வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டாராம். புழு அடையை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மெழுகு தடவிய வெறும் சட்டம் இரண்டிரண்டு வைத்தேன். மீதி இடத்தைத் தடுப்புப் பலகை வைத்து அடைத்தேன்.

அக்கா, கொட்டுவதா, நடக்கவிடுவதா என்று நீங்கள் சொல்லவில்லை. போன முறை கொட்டினேன். இந்த முறை, நண்பர் சொன்னபடி, வாசலுக்கு முன்னால் ஒரு பலகையைச் சாய்த்து, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து, அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினேன்.

முதலில் குழம்பிப் போய் எல்லாப் பக்கமும் ஓடின. நாலைந்து ஈ வாசலைக் கண்டுபிடித்தன. உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்று, தலையைக் கீழே தாழ்த்தி, வாலைத் தூக்கி, இறக்கையை வேகமாக அடித்தன. வால் நுனியில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு தெரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, துணியில் சிதறிக் கிடந்த அத்தனையும் ஒரே பக்கம் திரும்பின. காற்றில் பயிர் சாய்வதுபோல் இருந்தது. அப்புறம் மேலே ஏறி நடக்க ஆரம்பித்தன, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி. அந்தக் கூட்டத்தில் ராணியையும் பார்த்தேன். நினைத்த அளவு பெரிதாக இல்லை. கருப்பு, மெலிந்த உடம்பு, மற்ற ஈக்களைவிட வேகமாக ஓடி உள்ளே நுழைந்தது.

இருபது நிமிடத்தில் துணி காலி. கடைசியில் வழி தெரியாமல் நின்ற ஏழெட்டு ஈயை ஒரு இலையில் ஏற்றி வாசலில் விட்டேன்.

அடைக்காரி · முதல் நாள், இரவு 9:05

படித்துவிட்டு எனக்கே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. கொட்டினாலும் தப்பில்லை, நேரம் இல்லாதபோது நானும் கொட்டுவேன். ஆனால் நடந்து போகும் கூட்டம் தானே கண்டுபிடித்த வீட்டுக்குள் போவதுபோல் போகிறது. அது தங்கும் என்று என் அனுபவம் சொல்கிறது.

மெலிந்து வேகமாக ஓடும் ராணி என்றால் கன்னி ராணிதான். முட்டையிடும் ராணிக்கு வயிறு நீண்டு கனத்திருக்கும், நடை நிதானமாக இருக்கும்.

இனி ஆறு நாள் பெட்டியைத் தொடாதீர்கள். இதுதான் கஷ்டமான வேலை. பார்க்க ஆசை வந்தால் வாசலைப் பாருங்கள், மூடியைத் தொடாதீர்கள்.

மகரந்தம் · முதல் நாள், இரவு 9:20

வால் நுனியில் தெரிந்த அந்த வெள்ளைக் கோடு வாசனைச் சுரப்பி. நசோனாவ் சுரப்பி என்று பெயர். "வீடு இங்கே" என்று சொல்லும் வாசனை அதிலிருந்துதான் வருகிறது. எலுமிச்சைப் புல் எண்ணெயில் அதே வகை வேதிப்பொருள்கள் இருப்பதால்தான், காலிப் பெட்டியில் அதை ஒரு சொட்டு தடவி வைத்துக் கூட்டத்தை ஈர்க்கிறார்கள். ஒரு சொட்டுதான். அதிகமானால் அதுவே விரட்டும்.

வேலியோரம் · இரண்டாம் நாள், காலை 7:15

இருக்கின்றன! சர்க்கரைப் பாகு வைக்கலாமா? மேகமாக இருக்கிறது.

புகைப்பான் · இரண்டாம் நாள், காலை 7:50

பிரியும் கூட்டம் வயிறு நிறையத் தேனைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பும். இரண்டு மூன்று நாளுக்கு அது போதும். ஆனால் உங்கள் அடையில் பசித்த புழு இருக்கிறது, வானமும் மூட்டமாக இருக்கிறது, புது அடையும் கட்ட வேண்டும். அதனால் கொடுங்கள்.

வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சம எடை. கொதிக்க வைக்க வேண்டாம், வெந்நீரில் கரைத்து நன்றாக ஆறவிடுங்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை வேண்டாம், ஈக்கு வயிறு போகும். யார் வீட்டுத் தேனும் வேண்டாம், நோய்க்கிருமி தேனோடு சேர்ந்து வரும்.

பொழுது சாய்ந்த பிறகு, பெட்டிக்கு உள்ளே, ஒரு டம்ளர் அளவு மட்டும். மிதக்க நாலு குச்சி போடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தக் கூடாது. சிந்தினால் எறும்பும் வரும், வேறு கூட்டத்து ஈயும் கொள்ளைக்கு வரும். வாசலை இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கிவிடுங்கள், சின்னக் கூட்டத்தால் அகன்ற வாசலைக் காவல் காக்க முடியாது.

அடைக்காரி · இரண்டாம் நாள், காலை 8:10

"தொடாதே" என்று சொன்ன பிறகு பாகு வைக்கத் திறக்க வேண்டியிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். உள்மூடியை ஒரு ஓரம் தூக்கி, கிண்ணத்தைச் சட்டங்களின் மேல் வைத்து, மூடிவிடுங்கள். அரை நிமிட வேலை. புகை வேண்டாம். சட்டத்தை அசைக்க வேண்டாம்.

புதுப்பெட்டி · இரண்டாம் நாள், மாலை 6:30

இந்த இழையை முழுக்கப் படித்தேன். எனக்கு அடுத்த வாரம் இத்தாலியத் தேனீ வருகிறது. அடை இல்லாமல், வலைப்பெட்டியில் ஒன்றரைக் கிலோ ஈயும், தனிக் கூண்டில் ராணியும். அதற்கும் இதே முறைதானா?

நாலு சட்டம் · இரண்டாம் நாள், இரவு 7:45

நான் இத்தாலிய ஈதான் வைத்திருக்கிறேன், சொல்கிறேன். உங்கள் நிலைமை கொஞ்சம் வேறு. உங்களுக்கு வரும் ஈக்களும் ராணியும் ஒரே குடும்பம் இல்லை. பல பெட்டியிலிருந்து உதறி எடுத்த ஈக்களோடு வேறு இடத்தில் வளர்ந்த ராணியைச் சேர்த்து அனுப்புவார்கள். ராணியின் வாசனை அவற்றுக்குப் பழகாவிட்டால், சுற்றி உருண்டையாகக் கவ்விக் கொன்றுவிடும். அதனால்தான் கூண்டு.

மாலையில் ஈக்களைப் பெட்டியில் கொட்டுங்கள். ராணிக் கூண்டை நடுவில் இரண்டு சட்டங்களுக்கு இடையே, வலைப் பக்கம் ஈக்கள் தொடும்படி மாட்டுங்கள். கூண்டின் ஒரு முனையில் சர்க்கரை மாவு அடைப்பு இருக்கும். ஈக்கள் அதைத் தின்று வழி திறக்க மூன்று நாலு நாள் ஆகும், அதற்குள் வாசனை பழகிவிடும். மேலே ஒரு தக்கையும் இருந்தால் அதை எடுக்க மறக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மறந்துவிட்டார், பத்தாம் நாளும் ராணி கூண்டிலேயே இருந்தது.

அவசரப்பட்டு ராணியைத் திறந்துவிட நினைத்தால், முதலில் கூண்டின் மேல் இருக்கும் ஈக்களை விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். எளிதாக நகர்ந்தால், நாக்கை நீட்டி ராணிக்கு ஊட்டிக்கொண்டிருந்தால், ஏற்றுக்கொண்டுவிட்டன. வலையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, தள்ளினாலும் விடாமல் இருந்தால் இன்னும் கோபம் தீரவில்லை. மூடிவிட்டு இரண்டு நாள் கழித்து வாருங்கள்.

முடிந்தால் அடுத்த முறை வலைப்பெட்டிக்குப் பதிலாக, சட்டத்தோடு நாலு அடையில் குடியிருக்கும் குடும்பமாக வாங்குங்கள். ராணி, புழு, தேன் எல்லாம் ஒரே குடும்பம். எந்தச் சட்டம் எந்த வரிசையில் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே வரிசையில் புதுப் பெட்டிக்கு எடுத்து வைத்தால் போதும். விலை கூட இருக்கும்தான். ஆனால் முதல் வருடக்காரருக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

அடைக்காரி · இரண்டாம் நாள், இரவு 8:00

நாலு சட்டம் சொன்ன வரிசை முக்கியம். புழு இருக்கும் அடைகளைப் பிரித்து நடுவே வெறும் சட்டத்தைச் செருகாதீர்கள். புழு வளர 34, 35 டிகிரி சூடு வேண்டும். பிரித்து வைத்தால் ஓரத்துப் புழு குளிரில் சாகும்.

அப்புறம், வேலியோரம், அந்த மூன்றாம் நாளுக்குத் தைரியமாக இருங்கள்.

வேலியோரம் · மூன்றாம் நாள், மதியம் 1:20

அக்கா, வெளியே வருகின்றன! நிறைய! வாசலுக்கு முன்னால் சுற்றுகின்றன. போன முறை மாதிரியே இருக்கிறது. என்ன செய்ய?

மகரந்தம் · மூன்றாம் நாள், மதியம் 1:24

எந்தப் பக்கம் பார்த்துப் பறக்கின்றன? பெட்டியைப் பார்த்தா, வெளியே பார்த்தா?

வேலியோரம் · மூன்றாம் நாள், மதியம் 1:27

பெட்டியைப் பார்த்து. முகம் வாசல் பக்கம். இடதும் வலதுமாக வளைந்து வளைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகின்றன.

மகரந்தம் · மூன்றாம் நாள், மதியம் 1:29

அது ஓட்டம் இல்லை. வீட்டை மனப்பாடம் செய்கின்றன. திரும்பி வரத்தான் இப்படிப் பார்த்து வைத்துக்கொள்கின்றன. இருபது நிமிடத்தில் அடங்கிவிடும்.

வேலியோரம் · மூன்றாம் நாள், மதியம் 1:52

அடங்கிவிட்டது. எல்லாம் உள்ளே. நன்றி. மகரந்தம் அண்ணா, பெட்டியைப் பார்த்துப் பறக்கிறதா என்ற அந்த ஒரு கேள்வியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

வேலியோரம் · ஏழாம் நாள், காலை 10:30

இன்று திறந்தேன். ஐந்து நிமிடம்தான். புழு அடைக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு புது அடை, பால் வெள்ளை. ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு சங்கிலியாகத் தொங்குகின்றன. புது அடையில் பாகு இருக்கிறது, கொஞ்சம் மஞ்சள் மகரந்தம் இருக்கிறது. ஆனால் ஒரு முட்டைகூட இல்லை. கொண்டுவந்த அடையில் இருந்த முட்டைகளும் புழுவாகிவிட்டன. ராணி கண்ணில் படவில்லை. ராணி போய்விட்டதா?

அடைக்காரி · ஏழாம் நாள், காலை 11:00

கொண்டுவந்த புழு அடையின் ஓரத்திலோ முகத்திலோ, நிலக்கடலை மாதிரிக் கீழே தொங்கும் ராணி அறை கட்டியிருக்கின்றனவா?

வேலியோரம் · ஏழாம் நாள், காலை 11:04

இல்லை அக்கா. அடியில் ஓரம் முழுக்கப் பார்த்தேன்.

அடைக்காரி · ஏழாம் நாள், காலை 11:20

அப்படியென்றால் ராணி இருக்கிறது. புழு அடை கொடுத்ததில் இன்னொரு பயன் இதுதான். ராணி இல்லாத குடும்பத்துக்கு இளம் புழு கிடைத்தால், இரண்டு மூன்று நாளிலேயே ராணி அறை கட்ட ஆரம்பிக்கும். உங்கள் கூட்டம் கட்டவில்லை, ஆகவே கவலை இல்லாமல் இருக்கிறது. கன்னி ராணி பறந்து போய் இணைந்து வந்து முட்டையிட இரண்டு வாரம்கூட ஆகலாம். மூடிவிடுங்கள். இனி ஒரு வாரம் திறக்கவே கூடாது, குறிப்பாக மதியத்தில். ராணி வெளியே போயிருக்கும் நேரம் பெட்டி திறந்து கிடந்தால் திரும்பி வர வழி தப்பிவிடும்.

புகைப்பான் · ஏழாம் நாள், மாலை 5:15

அன்றைக்குத் தகடு வைக்கச் சொல்லியிருந்தேன். மகரந்தம் தடுத்தது நல்லதாகப் போயிற்று. இனி சின்னக் கூட்டம் பிடித்தால் நானும் தகடு வைக்க மாட்டேன்.

வேலியோரம் · பதினைந்தாம் நாள், காலை 9:40

முட்டை! முட்டை! முட்டை!

சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, அடையைச் சாய்த்து, வெளிச்சம் அறையின் அடி வரை போகும்படி பிடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் ஒவ்வொரு அறையின் அடியிலும் நடுவில் நூல் துண்டு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது.

ஆனால் ஒரு பயம். நாலைந்து அறையில் இரண்டு முட்டை இருக்கிறது. ராணி இல்லாமல் பணித் தேனீயே முட்டையிட்டால்தான் இப்படி இருக்கும் என்று எங்கோ படித்தேன்.

மகரந்தம் · பதினைந்தாம் நாள், காலை 10:05

பணித் தேனீக்கு வயிறு குட்டை, அறையின் அடி வரை எட்டாது. அது இட்டால் முட்டை பெரும்பாலும் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், அறைக்கு நாலு, ஐந்து, கண்டபடி கிடக்கும். உங்களுடையது அடியில், நடுவில் இருக்கிறது. புதிதாக முட்டையிட ஆரம்பிக்கும் ராணி முதல் சில நாள் அங்கங்கே இரண்டு இடுவதுண்டு. சில நாளில் சரியாகிவிடும்.

சந்தேகம் தீர ஒரே வழி, ஈக்கள் அந்த அறைகளுக்கு மெழுகு மூடி போடும் வரை காத்திருப்பது. பணித் தேனீ இட்ட முட்டை எல்லாம் ஆண் ஈயாகும், மூடி மேடாகப் புடைத்திருக்கும். அடுக்குத் தேனீயில் ஆண் அறை மூடியின் உச்சியில் ஊசி குத்தினாற்போல் ஒரு சின்னத் துளையும் தெரியும். இணைந்த ராணி இட்ட பணித் தேனீ முட்டை என்றால் மூடி தட்டையாக, சீராக இருக்கும். முட்டையிட்டதிலிருந்து எட்டு ஒன்பது நாளில் ஈக்கள் மூடிவிடும், அதுவரை பொறுங்கள்.

புதுப்பெட்டி · பதினைந்தாம் நாள், மதியம் 12:30

வாழ்த்துகள்! எனக்கும் ஈ வந்து நாலு நாள் ஆகிறது. இன்று காலை கூண்டைப் பார்த்தேன், ராணி வெளியே வந்துவிட்டது. கையில் ஒரு கொட்டு வாங்கினேன், உடனே இன்னும் நாலு ஈ அதே இடத்தைத் தேடி வந்தன. ஏன்?

நாலு சட்டம் · பதினைந்தாம் நாள், மதியம் 1:00

கொடுக்கு விட்ட இடத்திலிருந்து எச்சரிக்கை வாசனை கிளம்பும், வாழைப்பழ வாசனை மாதிரி இருக்கும். அது மற்றவற்றையும் அழைக்கும். கொடுக்கை நகத்தால் உடனே வழித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொஞ்சம் புகை விடுங்கள். வீக்கம் சாதாரணம். மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

வேலியோரம் · இருபத்து நாலாம் நாள், காலை 8:50

மகரந்தம் அண்ணா, அக்கா, ஐயா, எல்லோருக்கும்: மூடியாகிவிட்டது. உள்ளங்கையைவிடப் பெரிய வட்டம், நடுவில் இடைவெளியே இல்லை. மூடி தட்டையாக இருக்கிறது. ஊசித் துளை எங்கேயும் இல்லை. இரண்டு முட்டை உள்ள அறையும் இப்போது இல்லை.

ராணியையும் பார்த்தேன். அன்றைக்குத் துணியில் ஓடியது இதுதானா என்று சந்தேகமே வந்தது, வயிறு அவ்வளவு நீண்டிருக்கிறது. ஒரு அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தது, திரும்பி, வயிற்றை உள்ளே இறக்கி, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. சுற்றி எட்டுப் பத்து ஈக்கள் அதன் பக்கம் முகம் வைத்து நின்றன. சட்டத்தை அப்படியே மெதுவாக இறக்கி மூடிவிட்டேன்.

தடுப்புப் பலகையை எப்போது நகர்த்தி அடுத்த சட்டம் வைக்கலாம்?

அடைக்காரி · இருபத்து நாலாம் நாள், காலை 9:15

கடைசிச் சட்டத்தின் வெளிப்பக்கமும் ஈ மூடியிருக்கும்போது ஒன்று வையுங்கள், ஓரத்தில். ஒன்றுதான். நண்பருக்கு ஒரு சட்டம் கடன் இருக்கிறது, குடும்பம் பெருகியதும் புழு அடையாகவே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.